நாற்பத்தாறாம் எண் பாத்தி

மார்ச் மாதக் கடைசியில் லாம்பர்ட் கொட்டகை ஏணியிலிருந்து வழுக்கி விழுந்து இடது கணுக்காலை முறித்துக்கொண்டான். அவன் விழாமல் இருந்திருந்தால் நாற்பத்தாறாம் எண் பாத்திக்குள் அவனைத் தவிர வேறு யாரும் கால் வைத்திருக்க மாட்டார்கள். பிறகு நடந்த எதுவும் அந்த வருடம் நடந்திருக்காது.

நான் அவர்கள் வீட்டுக்கு எதிரே, வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் குடியிருக்கிறேன். லாம்பர்ட்டும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். இதில் பாதியை நான் கண்ணால் பார்த்தேன். மீதியை அவன் மனைவி ஹெட்டியும் அவனுடைய அக்கா லேனியும் வெவ்வேறு நாளில் என்னிடம் சொன்னார்கள். கொஞ்சம் லாம்பர்ட்டே பிறகு சொன்னான். பெண்கள் இரண்டு பேர் சொன்னதும் ஒரு இடம் தவிர ஒத்துப்போனது. அந்த வீட்டில் அது அதிசயம்தான்.

லாம்பர்ட்டுக்குக் கடலோர மணல்மேடுகளை ஒட்டி மூன்று ஹெக்டேர் நிலம். அக்டோபரில் டியூலிப் கிழங்கு நடுவான். குளிர் தாங்க மேலே வைக்கோல் போர்த்துவான். ஏப்ரலில் பூத்ததும் பூத்தலைகளைக் கொய்து எறிந்துவிடுவான், அப்போதுதான் செடியின் சத்தெல்லாம் மண்ணுக்குள் இறங்கும். ஜூனில் கிழங்கைத் தோண்டி, காயவைத்து, சலித்துப் பிரித்து, பெரிய வியாபாரிகளுக்குக் கொடுப்பான். எங்களுக்குக் கிழங்குதான் பிழைப்பு. பூ நடுவில் வந்து போகிற விஷயம். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் பூக்களை வெட்டி எறிவதைக் கண்டு சாலையோரம் நின்று அழுதிருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்லிப் புரியவைப்பது?

ஆனால் நாற்பத்தாறு வேறு கணக்கு. அது லாம்பர்ட்டே உண்டாக்கிய பூ. பதினைந்து வருடம் முன்னால், ஒரு மே மாதம், கருஞ்சிவப்பு டியூலிப் ஒன்றின் மகரந்தத்தை மகளின் பழைய ஓவியத் தூரிகையால் தொட்டு எடுத்து, ஒரு மஞ்சள் பூவில் தடவினான். காய் முற்றி விதை வந்தது. இலையுதிர் காலத்தில் பெட்டிகளில் விதைத்தான். முதல் வருடம் புல் மாதிரி ஒற்றை இலைதான் வந்தது. விதையிலிருந்து வரும் டியூலிப் முதல் பூவைக் காட்ட ஐந்தாறு வருடம் ஆகும். ஆறாம் வசந்தத்தில் நானூற்று முப்பது செடி பூத்தன. ஒன்றைப்போல் ஒன்று இல்லை. அவற்றில் ஐந்தை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் குப்பைமேட்டில் கொட்டினான்.

அவன் தேர்ந்தெடுக்கும் விதம் எங்கள் ஊரில் பிரசித்தம். பூவைக் கடைசியில்தான் பார்ப்பான். முதலில் தண்டைப் பிடித்து லேசாக வளைப்பான். காற்றடிக்கிற நாளில் போய் நின்று எது சாய்கிறது என்று பார்ப்பான். பிறகு இலை, பிறகு கிழங்கு எத்தனை குட்டி போட்டிருக்கிறது என்ற கணக்கு. கடைசியில் பூவை வெட்டி அடுப்படி மேசையில் ஜாடியில் வைப்பான். எத்தனை நாள் நிற்கிறது என்று ஹெட்டி நாட்காட்டியில் குறிப்பாள். நாற்பத்தாறாம் எண்ணிட்ட நாற்றின் பூ பதின்மூன்று நாள் நின்றது. சுட்ட செங்கலின் நிறம், இதழ் அடியில் மட்டும் தேன் மஞ்சள். ஒன்பதாம் வருடம் மற்ற நான்கையும் கழித்துவிட்டான். அப்போது கையில் இருந்தது அதே செடியின் பத்துக் கிழங்குதான். வருடத்துக்கு வருடம் இரட்டிப்புக்குச் சற்று மேலே பெருகி, அந்த வசந்தத்தில் ஆயிரத்து நூற்று நாற்பது செடியாக நின்றது. இன்னும் பெயர் வைக்கவில்லை. வைத்தால் கிழங்கு வளர்ப்போர் சங்கத்தில் பதிய வேண்டும், பதிவதற்கு முன்னால் வாங்க ஆள் வேண்டும்.

ஆள் கிடைத்திருந்தது. ரைனீர் என்ற ஏற்றுமதிக்காரர், பக்கத்து ஊர்க்காரர், நிதானமான மனிதர். நாற்பத்தாறு பூத்ததும் ஒரு வியாழக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். பிடித்தால் மொத்தப் பாத்தியையும் எடுத்துக்கொண்டு தன் ஆட்களிடம் கொடுத்துப் பெருக்குவார். அதற்கு மூன்று நான்கு வாரம் இருக்கும்போதுதான் லாம்பர்ட் ஏணியிலிருந்து விழுந்தான்.

கட்டுப் போட்ட காலோடு அவனால் பாத்திக்குள் குனிய முடியாது. ஏப்ரல் மாதம் நோய் பார்க்காமல் விடவும் முடியாது. டியூலிப்பில் ஒரு வைரஸ் உண்டு. அது வந்த செடியில் இலையிலும் பூவிலும் தீற்றல் தீற்றலாக நிறம் உடையும். செடி உடனே சாகாது. கிழங்கு சிறுத்துக்கொண்டே போகும். அதன் குட்டிகளெல்லாம் நோயோடுதான் பிறக்கும். மே மாதம் அசுவினிப் பூச்சி பறக்கத் தொடங்கினால் பக்கத்துச் செடிக்கும் பக்கத்து நிலத்துக்கும் கொண்டுபோய் ஒட்டிவிடும். அதனால் அதற்கு முன்னால் வரிசை வரிசையாக நடந்து, நோயுள்ள செடியைக் கிழங்கோடு பிடுங்கி எடுத்துவிட வேண்டும். இந்த வேலைக்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் அவர்களில் முதல் ஆள் லேனி. லாம்பர்ட்டைவிட இரண்டு வயது மூத்தவள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முப்பது வருடமாக ஏப்ரல் முழுக்க அவள் வயல்களில்தான் இருப்பாள். வெயில் கண்ணைக் குழப்பாமல் இருக்க ஒரு கையில் கறுப்புக் குடை, மறு கையில் நீளப் பிடி வைத்த களைக்கொத்து. ஓட்டுகிற வண்டியை நிறுத்தாமல் ஜன்னல் வழியாகவே நோய்ச்செடியைக் கண்டுபிடிப்பாள் என்று பேசிக்கொள்வார்கள். பொய்தான், ஆனால் அவ்வளவாகப் பொய்யில்லை.

லாம்பர்ட்டின் மற்ற பாத்திகளை எல்லா வருடமும் அவள்தான் பார்த்தாள். நாற்பத்தாறை மட்டும் அவன் விட்டதில்லை. அதை அவனே பார்த்துக்கொள்வான்.

"இந்த வருஷம் நீயே பாத்துடு," என்றான் சமையலறையில் காலை நாற்காலிமேல் நீட்டியபடி.

"அடேயப்பா! ராஜா கோட்டைக் கதவத் தொறந்துட்டாரு," என்றாள் லேனி. "ஹெட்டி, நாட்காட்டில இதயும் குறிச்சு வை."

"வரிசைக்கு நடுவுல நடக்கறப்போ பாத்து நட. உன் காலு படகு மாதிரி இருக்கு."

"படகா இருந்தாலும் ஏணிலேர்ந்து விழாத காலுடா."

அது திங்கட்கிழமை காலை. மேகம் மூடிய நாள், வேலைக்கு ஏற்ற வெளிச்சம். நான் என் வீட்டு ஜன்னலிலிருந்து அவள் நாற்பத்தாறுக்குள் இறங்குவதைப் பார்த்தேன். வழக்கமாக அவள் ஒரே வேகத்தில் நடப்பாள், நின்றால் ஒரு செடி என்று அர்த்தம். அன்று நான்கு அடி நடந்து நின்றாள். மறுபடி இரண்டு அடி, மறுபடி நின்றாள். ஒரு செடியையும் பிடுங்கவில்லை. பாத்தியின் கடைசிவரை போய், அங்கேயே சற்று நேரம் குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பி முதலிலிருந்து, இந்த முறை விரல்விட்டு எண்ணிக்கொண்டு வந்தாள்.

பத்து மணிக் காப்பிக்கு அவள் உள்ளே போனபோது கையில் மூன்று பூ இருந்தது. மேசைமேல் வைத்தாள். செங்கல் நிற இதழ்களில் அடியிலிருந்து நுனிவரை மஞ்சள் சுடர் ஓடியிருந்தது, யாரோ மெல்லிய கோலால் இழுத்தமாதிரி.

"முன்னூத்தி எம்பது," என்றாள்.

லாம்பர்ட் பூக்களைப் பார்க்கவில்லை. "எது?"

"கண்ணுக்குத் தெரியறது மட்டும். மூணுல ஒண்ணு."

"மேகமா இருக்கு. இந்த வெளிச்சத்துல அப்படித்தான் தெரியும்."

"லாம்பர்ட், இந்த வெளிச்சத்துலதான் சரியாத் தெரியும். நீ யார்கிட்ட பேசறேன்னு ஞாபகம் இருக்கா?"

ஹெட்டி காப்பிக் குடுவையோடு வந்தவள் மேசையைப் பார்த்து, "அட, இந்த வருஷமும் வந்துடுச்சா? இதுதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும்," என்றாள். "போன வருஷம்கூட இவன் ஜாடி நிறைய கொண்டுவந்து குடுத்தானே. அதுக்கு முந்தின வருஷமும்."

லேனி தம்பியையே பார்த்தாள்.

"எத்தனை வருஷமா?" என்றாள் கடைசியில்.

லாம்பர்ட் காப்பியில் சர்க்கரை போட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தான். அவன் சர்க்கரை போட்டுக் குடிக்கிறவனே இல்லை.

"மூணு வருஷம்," என்றான். "மொதல்ல ஏழு செடிதான் இருந்துச்சு."

"ஏழு செடி. அப்பவே ஏழயும் புடுங்கிருந்தா?"

"ஏழுதான் இருந்துச்சு லேனி. மொத்தமே நூறு. நூறுல ஏழு. நல்லாவும் இருந்துச்சு. இதோட குணமே அப்படியோன்னு நெனச்சேன். வளர வளரத் தானாத் தெளிஞ்சிடும்னு நெனச்சேன்."

"நீ அப்படி நெனைக்கலடா. அப்படி நெனைக்கணும்னு ஆசப்பட்ட."

ஹெட்டிக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் கிழங்கு வளர்க்கிற குடும்பத்தில் பிறந்தவள் இல்லை. அவள் அப்பா தபால்காரர். ஆனால் முப்பது வருடம் இந்த வீட்டில் இருந்தவளுக்கு நோய் என்ற வார்த்தையை விளக்க வேண்டியதில்லை. மூன்று வருடமாகத் தன் சாப்பாட்டு மேசைக்கு நடுவில் அழகுக்காக வைத்திருந்தது என்ன என்று தெரிந்ததும் குடுவையை அப்படியே கீழே வைத்தாள்.

"என்கிட்டகூடச் சொல்லலையே நீ," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அவள் கோபப்பட்டிருந்தால் தேவலாம் என்று லாம்பர்ட்டுக்கு இருந்ததாம்.

பிறகு அவன் ஒரு வழி சொன்னான். தெரிகிற முன்னூற்று எண்பதையும் லேனி நாளைக்கே பிடுங்கி எடுத்துவிடட்டும். மிச்சம் எழுநூற்று அறுபது சுத்தமாக நிற்கும். வியாழக்கிழமை ரைனீர் அதைப் பார்க்கட்டும்.

"மிச்சத்துல பாதிக்கு உள்ளுக்குள்ள இருக்கும்," என்றாள் லேனி. "போன வருஷம் பூச்சி கடிச்சது இந்த வருஷம் எல்லாத்துலயும் தெரியாது. உனக்கே தெரியும். இந்த வருஷம் நீ அவர்கிட்ட விப்ப. அடுத்த வருஷம் அவர் ஆளுங்க பாப்பாங்க. அதுக்குள்ள அவங்க நெலத்துல இருக்கற மத்ததுக்கும் பரவியிருக்கும்."

"பாதின்னு நீயா சொல்ற. பரவாமயும் இருக்கலாம்."

"இருக்கலாம்."

"பதினஞ்சு வருஷம், லேனி. எனக்கு அம்பத்தேழு ஆவுது."

"எனக்கு அம்பத்தொம்போது. அதுக்கும் இந்த வைரஸுக்கும் சம்பந்தமில்ல." எழுந்து குடையை எடுத்துக்கொண்டாள். "தெரியறத நாளைக்கு எடுத்துடறேன், அது எப்படியும் செஞ்சே ஆகணும். ரைனீர்கிட்ட நானாப் போயி ஒண்ணும் சொல்ல மாட்டேன். உன் பூ, உன் வாய். ஆனா அவர் என்னக் கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன். இத இப்பவே சொல்லிட்டேன்."

செவ்வாய்க்கிழமை அவள் முன்னூற்று எண்பத்து நான்கு செடியைப் பிடுங்கினாள். நேற்று விட்டுப்போன நான்கு இன்று தெரிந்தன. ஒவ்வொன்றையும் கிழங்கோடு, ஒரு குட்டியும் மண்ணில் தங்காதபடி எடுத்துப் பையில் போட்டாள். பைகளைத் தன் வண்டியிலேயே ஏற்றி எரிக்க அனுப்பினாள். லாம்பர்ட் ஊன்றுகோல்களோடு கொட்டகை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பாத்தி பல் விழுந்த வாய்போல் ஆகிவிட்டது.

புதன்கிழமை இரவு அவன் தூங்கவில்லை என்று ஹெட்டி சொன்னாள். அவளும் தூங்கவில்லை. ஆனால் அவனிடம் இதைச் செய், அதைச் செய் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நான் சொல்லி அவன் செஞ்சா, காலம் பூரா நான் சொன்னதாத்தான் இருக்கும்," என்றாள் என்னிடம்.

வியாழக்கிழமை வெயில் நன்றாக அடித்தது. ரைனீர் பதினோரு மணிக்கு வந்தார். மனிதர் உயரம், நடக்கும்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார். ஹெட்டியிடம் மகளைப் பற்றி விசாரித்துவிட்டு நேரே பாத்திக்குப் போனார். லாம்பர்ட் ஊன்றுகோல் மணலில் புதையப் புதையப் பின்னால் போனான்.

ரைனீருக்குப் பூ பிடித்துவிட்டது. அது தூரத்திலிருந்து பார்த்த எனக்கே தெரிந்தது. கைகளை அவிழ்த்துக்கொண்டு மணலில் முழங்கால் போட்டு உட்கார்ந்துவிட்டார். தண்டை வளைத்துப் பார்த்தார். ஒரு பூவின் உள்ளே விரலை விட்டு அந்தத் தேன் நிறத்தைப் பார்த்தார்.

"லாம்பர்ட், இந்த நெறத்துல எங்கிட்ட ஒண்ணுகூட இல்ல," என்றார். "ஜாடில எத்தன நாள் நிக்குது?"

"பதிமூணு."

"பதிமூணா! நீ ஒரு நாள கூட்டிச் சொன்னாலும் பன்னண்டு." சிரித்தார். பிறகு வரிசை நெடுகப் பார்த்தார். "என்னப்பா இவ்வளவு ஓட்டை?"

லாம்பர்ட் அதற்குப் பதில் தயாராக வைத்திருந்தான். எங்கள் பக்கத்தில் குளிர்காலத்தில் வயலெலி கிழங்கைத் தின்பது சகஜம். அந்த வருடம் எல்லோருக்கும் எலித்தொல்லை. "எலி" என்ற ஒரு சொல் போதும். அவன் அதைச் சொல்லவும் வாயெடுத்தான்.

ஆனால் ரைனீர் அவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மணலைத் தட்டிக்கொண்டே, சாதாரணமாக, "லேனி பாத்தாளா இத?" என்றார்.

"பாத்தா."

"அப்போ சரி. அவ பாத்துட்டா நான் பாக்க வேண்டியதே இல்ல. என்ன சொன்னா?"

லாம்பர்ட் பிறகு என்னிடம் சொன்னான்: ரைனீர் சந்தேகப்பட்டுக் கேட்டிருந்தால் நான் எலி என்றே சொல்லியிருப்பேன். அவர் நம்பிக் கேட்டார். அக்கா பேரைச் சொல்லிக் கேட்டார்.

"நோய் இருக்குன்னு சொன்னா," என்றான். "முன்னூத்தி எம்பத்தி நாலு எடுத்திருக்கா. மிச்சத்துலயும் பாதி போகும்னு சொல்றா. சரியாத்தான் சொல்றா. மூணு வருஷமா எனக்குத் தெரியும்."

ரைனீர் எழுந்து நின்றார். கைகளை மறுபடி பின்னால் கட்டிக்கொண்டார். பக்கத்துப் பாத்திகளையும் ஒரு பார்வை பார்த்தார்.

"மூணு வருஷமா," என்றார்.

"ஆமா."

"நீ போயி இப்படி." தலையை ஆட்டினார். "உங்கப்பன் இருந்திருந்தா உன்னைக் கொத்தோட சேத்துப் பொதச்சிருப்பாரு."

"தெரியும்."

"நல்ல வேளை இன்னிக்காவது சொன்ன. நாளைக்கு நானாக் கண்டுபுடிச்சிருந்தா, உன்கிட்டேர்ந்து ஒரு வெங்காயம்கூட வாங்கியிருக்கமாட்டேன்." வண்டிவரை போய்த் திரும்பினார். "பூ நல்ல பூ. அதுல சந்தேகமில்ல. சுத்தமாக்கிக் காட்டு. எத்தன வருஷமானாலும் சரி. அதுவரைக்கும் நான் இருந்தா நான் வரேன், இல்லாட்டி என் மக வருவா."

வண்டி போன பிறகு லாம்பர்ட் உள்ளே வரவில்லை. ஊன்றுகோல்களை வரப்பில் போட்டுவிட்டு, மணலில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு, கைக்கெட்டிய செடிகளைப் பிடுங்கத் தொடங்கினான். நல்லது கெட்டது என்று பார்க்கவில்லை. ஹெட்டி ஓடிப்போய் லேனியைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். லேனி அன்று ஏழு கிலோமீட்டர் தள்ளி வேறொருவர் வயலில் இருந்தாள். கால்மணி நேரத்தில் வந்து நின்றாள், பூட்ஸிலிருந்து அந்த வயலின் மண் உதிர்ந்தது.

"டேய், நிறுத்து."

"எல்லாம் போகப்போறதுதானே. நீதானே சொன்ன."

"பாதின்னு சொன்னேன். எல்லாம்னு சொல்லல. எனக்குப் பாதிக்கும் முழுசுக்கும் வித்தியாசம் தெரியும்." அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ரைனீர்கிட்ட சொல்லிட்டியாமே."

"யாரு சொன்னா?"

"அவரே போற வழியில நிறுத்திச் சொன்னாரு. பாவம், முகமே சரியில்ல. அவருக்குப் பூ அவ்வளவு புடிச்சுப்போச்சு."

லாம்பர்ட் கையிலிருந்த செடியைக் கீழே போட்டான். அவன் அப்போது அழுதானா இல்லையா என்பதில் மட்டும் லேனியும் ஹெட்டியும் சொன்னதில் வித்தியாசம் உண்டு.

யோசனை லேனியுடையது. இலையைப் பரிசோதித்து உள்ளே ஒளிந்திருக்கும் வைரஸைக் கண்டுபிடிக்கிற ஆய்வுக்கூடம் ஒன்று உண்டு. ஏப்ரலில் அவர்களுக்குத் தலைக்குமேல் வேலை. நூறு இலைக்குமேல் இந்த வாரம் எடுக்க முடியாது என்றார்கள். அடுத்த வாரத்துக்குக் காத்திருந்தால் பூச்சி பறக்கத் தொடங்கிவிடும். ஆகவே நூறு செடி மட்டும் பிழைக்க வாய்ப்பு. எந்த நூறு என்று தேர்ந்தெடுக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை அக்காவும் தம்பியும் பாத்தியில் இறங்கினார்கள். நோய்ச்செடி அதிகம் இருந்த மேற்குப் பக்கத்தை விட்டுவிட்டுக் கிழக்கு ஓரத்திலிருந்து ஆரம்பித்தார்கள். அவன் ஒரு முக்காலியில் உட்கார்ந்து நகர்ந்து நகர்ந்து வந்தான். தன் பழைய வழக்கப்படி தண்டைப் பிடித்துப் பார்த்தான். அவள் இலையை வெளிச்சத்துக்கு எதிராகத் தூக்கிப் பார்த்தாள்.

"இது."

"வேண்டாம். இலை ஓரத்தப் பாரு."

"ஒண்ணும் இல்லையே."

"உனக்கு இல்ல. அடுத்தது."

சிலவற்றில் அவன் சண்டை போட்டான். சிலவற்றில் அவள் விட்டுக்கொடுத்தாள். மதியத்துக்குள் நூறு செடியில் எண் எழுதிய சீட்டுக் கட்டியாயிற்று. ஹெட்டி நூறு இலையையும் நூறு உறையில் போட்டு எண் எழுதினாள். அன்று சாயங்காலமே மிச்சச் செடிகளை மூவருமாகப் பிடுங்கித் தீர்த்தார்கள். நானும் போய்க் கைகொடுத்தேன். பூக்களெல்லாம் நன்றாக விரிந்திருந்த நாள். பைகள் கனத்தன. இடையில் ஹெட்டி ஒருமுறை ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொண்டுவந்து கொடுத்து, "சாப்பிடுங்க, வேலை எங்கயும் போயிடாது," என்றாள்.

முடிவு ஒன்பதாம் நாள் வந்தது. நூறில் அறுபத்தொன்று சுத்தம். மிச்சம் முப்பத்தொன்பதும் எரிக்கப் போனது. லேனி விட்டுக்கொடுத்த ஏழில் ஆறு நோய். அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. லாம்பர்ட்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான், ஏதோ அவனுக்கே பரிசு கிடைத்தமாதிரி.

ஜூன் கடைசியில் அறுபத்தொன்றையும் தோண்டினார்கள். பெரிய கிழங்கும் குட்டியுமாக நூற்று முப்பத்தெட்டு. வெங்காயத்தோல் நிறத்தில் நல்ல கிழங்குகள். கோடை முழுக்க அவற்றைக் கொட்டகையில் மற்றவற்றோடு சேர்க்காமல், வீட்டு மாடியறையில் வலைத்தட்டில் பரப்பி வைத்தான். மகள் விடுமுறைக்கு வந்தபோது தன் அறையில் படுக்க இடமில்லை என்று புலம்பினாள்.

இடம்தான் அடுத்த பிரச்சினை. அவன் நிலத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் டியூலிப். சுத்தமான கிழங்கை அங்கே நட்டால் மறுபடி வரும். டியூலிப் வாடையே படாத மண் வேண்டும். லேனி வீட்டுக்குப் பின்னால் முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் போடுகிற துண்டு நிலம் இருந்தது. மாட்டுப் பண்ணைகளுக்கு நடுவில், பக்கத்து டியூலிப் வயலிலிருந்து நான்கு கிலோமீட்டர் தள்ளி.

"கேக்கவே கூச்சமா இருக்கு," என்றான் அக்டோபர் முதல் வாரம் அவள் வாசலில் நின்று.

"கூச்சமா இருந்தா கேக்காத. நேத்தே மண்ணக் கொத்திப் போட்டுட்டேன்." அவள் உள்ளே போய்ப் பூட்ஸை மாட்டிக்கொண்டு வந்தாள். "ஆனா ஒரு விஷயம். இந்த மண்ணுல நட்டா பாக்கறது நான். நான் எடுன்னா எடுக்கணும். பேச்சே கிடையாது."

"சரி."

"ஏழுன்னாலும் சரி, எழுவதுன்னாலும் சரி."

"சரின்னுட்டேனே."

கிழங்குகளைச் சல்லடையில் அளவு பிரித்தார்கள். பெரியவை அறுபத்து நான்கு, அடுத்த வருடம் பூக்கும். மிச்சம் குட்டிகள், ஒற்றை இலைதான் விடும். ஹெட்டி கூர்முனை மேலே இருக்கும்படி ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வந்தாள். லாம்பர்ட்டுக்குக் கால் கூடியிருந்தது, ஆனாலும் குனிந்தால் வலித்தது. மண்ணை மூடும்போது மழை பிடித்துக்கொண்டது. நனைந்துகொண்டே முடித்தார்கள். பிறகு லேனி வீட்டில் பட்டாணி சூப்பு.

குளிர் அந்த வருடம் கடுமை. வாய்க்கால்கள் உறைந்தன, நாங்களெல்லாம் நான்கு நாள் பனிச்சறுக்குப் போனோம். லாம்பர்ட் சறுக்க வரவில்லை. வைக்கோல் சரியாக இருக்கிறதா என்று பார்க்க இரண்டு நாளுக்கு ஒருமுறை அக்கா வீட்டுக்குப் போய்வந்தான். அவள் அவனுக்குத் தனியாக ஒரு காப்பிக் கோப்பை எடுத்துவைத்துவிட்டாள்.

ஏப்ரல் மூன்றாம் வாரம் அவை பூத்தன. அன்று லேனி வேலைக்குப் போயிருந்தாள். சாயங்காலம் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவைத்திருந்தாள். லாம்பர்ட் காலையிலேயே போய்விட்டான். செங்கல் நிறத்தில் அறுபத்து நான்கு பூ, முட்டைக்கோசு நிலத்துக்கு நடுவில். வரிசையாக நடந்து பார்த்தான். மூன்றாம் வரிசையில் ஒரு பூவின் ஓரத்தில், நகக்கண் அளவு, மஞ்சள் தீற்றல். இன்னொன்றின் இலையில் மங்கலாக ஒரு கோடு. அது கோடா, வெளிச்சமா என்று அவனுக்கு உறுதியில்லை.

லேனி சாயங்காலம் வந்து குடையை விரித்துக்கொண்டு பாத்திக்குள் இறங்கினாள். மூன்றாம் வரிசையில் இரண்டு குழி இருந்தது. புதிய மண் போட்டு மூடியிருந்தது. மற்ற வரிசைகளைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. திரும்பவும் ஒருமுறை பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

"ரெண்டா?" என்றாள்.

"ஒண்ணுல நிச்சயம். இன்னொண்ணு சந்தேகம்."

"சந்தேகத்த என்ன பண்ண?"

"எடுத்துட்டேன்."

அவள் குடையை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, கைகழுவ உள்ளே போனாள். அவன் பைக்குள் கட்டிவைத்திருந்த இரண்டு செடியையும் வண்டியில் வைத்துக்கொண்டு எரிக்கிற இடத்துக்குப் போனான். திரும்பி வருகிற வழியில் என் வீட்டில் நிறுத்தி, அறுபத்திரண்டு நிற்கிறது என்று சொல்லிவிட்டுப் போனான்.